தென்பெண்ணை: பெங்களூர்த் தமிழர்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் வாழும் தமிழர்களிடம் "உங்கள் ஆறு எது?" என்று கேட்டால் பெரும்பாலோர் காவிரி என்றுதான் சொல்வார்கள். குழாயில் வருவது காவிரி என்பதால் அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் இந்த நகரத்தின் கிழக்குப் பகுதியில் பெய்யும் மழையும், அங்குள்ள வீடுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரும் காவிரிக்குப் போவதில்லை. அவை தென்பெண்ணைக்குப் போகின்றன. அந்த ஆறு ஓசூர், கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று நம்மில் பலருடைய சொந்த ஊர் வழியாக ஓடுகிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தென்பெண்ணை எங்கே பிறக்கிறது?

சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தின் நந்தி மலைப் பகுதியில். விடுமுறை நாளில் சூரிய உதயம் பார்க்க நாம் அதிகாலையில் வண்டி கட்டிக்கொண்டு போகும் அதே நந்தி மலைதான். உயரம் 1,478 மீட்டர். இந்த மலைத்தொடரைச் சுற்றிப் பல ஆறுகள் தோன்றுகின்றன. அர்க்காவதி தெற்கே இறங்கிக் காவிரியில் கலக்கிறது. உத்தர பினாகினி வடக்கே ஆந்திரத்துக்குள் சென்று நெல்லூர்ப் பக்கம் கடலை அடைகிறது. தட்சிண பினாகினி தென்கிழக்காகத் தமிழ்நாட்டுக்கு வருகிறது. கர்நாடகத்தில் இந்தப் பெயரில் வழங்கும் ஆற்றைத்தான் நாம் தென்பெண்ணை என்கிறோம், பொன்னையாறு என்றும் சொல்கிறோம்.

மலையடிவாரத்தில் போகநந்தீசுவரர் கோயில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் தொடங்கி, பின்னர் சோழர், ஹொய்சளர், விஜயநகர மன்னர்கள் காலத்திலும் வளர்ந்த கோயில். அதனுள் உள்ள சிருங்கி தீர்த்தம் என்ற படிக்கட்டுக் குளத்தைத்தான் பினாகினியின் பிறப்பிடமாகத் தலபுராணம் சொல்கிறது. மலைமேல் கூட்டம் அலைமோதும் நாளிலும் இந்தக் கோயிலில் நிம்மதியாக நிற்கலாம். குளத்தைச் சுற்றித் தூண் மண்டபம், நாற்புறமும் கீழே இறங்கும் கற்படிகள், அடியில் பச்சை நிறத்தில் தண்ணீர். நந்தி மலைக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

அங்கிருந்து எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது?

ஹொசகோட்டே, காடுகோடி, முகளூர் என்று பெங்களூரின் கிழக்கு விளிம்பை ஒட்டி வந்து, ஓசூர் வட்டத்தில் கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. முதலில் கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி அணை. இடையில் மார்க்கண்டேய நதி வந்து சேர்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைக் கடந்து, பாம்பாறு போன்ற துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு சாத்தனூர் அணைக்குப் போகிறது. அதன் பின் மணலூர்பேட்டை, திருக்கோவிலூர், விழுப்புரம் வழியாகச் சென்று கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர், படுகையின் பரப்பு சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். புதுச்சேரியின் பாகூர் ஏரிகூட இந்த ஆற்றை நம்பித்தான் இருக்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அங்கே தண்ணீர் போகிறது.

என் வீடு எந்த ஆற்றின் படுகையில் இருக்கிறது? எப்படித் தெரிந்துகொள்வது?

பெங்களூர் ஒரு மேட்டின் மீது அமர்ந்த ஊர். வடக்கிலிருந்து தெற்காக ஓடும் அந்த மேட்டுக்கு மேற்கே விழும் தண்ணீர் ஒரு பக்கமும், கிழக்கே விழும் தண்ணீர் மறு பக்கமும் போகின்றன. ஸ்ரீராமபுரம், ராஜாஜிநகர், மைசூர் சாலைப் பக்கம் குடியிருந்தால் உங்கள் தண்ணீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது.

அல்சூர், தொம்மலூர், இந்திராநகர், கோரமங்களா, எச்.எஸ்.ஆர். லேஅவுட், மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு பக்கம் இருந்தால் தென்பெண்ணைதான். இந்தப் பகுதிகளின் நீர் பெரும்பாலும் பெள்ளந்தூர் ஏரிக்கு வந்து, வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து ஆற்றில் சேர்கிறது. ஹெப்பால், நாகவாரா, கே.ஆர். புரம் பக்கத்தில் உள்ளவர்களின் தண்ணீருக்கு வேறு வழி. அது ஏரி ஏரியாக இறங்கி, பழைய மெட்ராஸ் சாலையோரம் இருக்கும் எலே மல்லப்ப ஷெட்டி ஏரி வழியாக அதே ஆற்றை அடைகிறது. ஊருக்குப் போகும்போது பஸ்ஸின் ஜன்னலில் அந்த ஏரியைப் பார்த்திருப்பீர்கள்.

தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் அல்சூர் முழுவதும் பெண்ணைப் படுகையில் இருக்கிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கிறது. 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை அருகே நின்று அல்சூர் ஏரியைப் பார்ப்பவர், திருக்கோவிலூருக்குப் போகும் நீர்வழியின் ஒரு தொடக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குழாயில் காவிரி வருகிறதே, அது எப்படிப் பெண்ணைக்குப் போகும்?

இந்த ஆற்றைப் பற்றி நாம் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தியே இதுதான். காவிரி பெங்களூருக்குத் தானாக வருவதில்லை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் தொரேகாடனஹள்ளியிலிருந்து, சில நூறு மீட்டர் உயரம் ஏற்றி, ராட்சத மோட்டார்களால் இறைத்துக் கொண்டுவருகிறார்கள். முதல் கட்டம் 1974இல் வந்தது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. அதில் மட்டும் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வருகிறது. எல்லாக் கட்டங்களையும் சேர்த்தால் 220 கோடி லிட்டருக்கு மேல்.

வீட்டுக்கு வரும் தண்ணீரில் சுமார் 80 விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்று பொறியாளர்கள் பொதுவாகக் கணக்கிடுவார்கள். கிழக்குப் பெங்களூரில் அது சரிவைப் பின்பற்றிப் பெண்ணைப் படுகைக்குப் போய்விடுகிறது. ஆக, காவிரியில் எடுத்த தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும் பயன்படுத்திவிட்டு, அழுக்கோடு இன்னொரு ஆற்றில் விடுகிறோம். காவிரியில் எத்தனை டி.எம்.சி. என்று நாளிதழில் தேடிப் படிக்கும் நாம், நம் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகிறது என்பதையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பெள்ளந்தூர் ஏரியில் நுரை பொங்கியதும் தீப்பிடித்ததும் ஏன்?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: சுத்திகரிக்கப்படாத கழிவுநீர். சோப்புத் தூளிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் உள்ள நுரைக்கும் பொருள்கள் ஏரியில் சேர்ந்துகொண்டே இருக்கும். மழை வந்து ஏரி நிரம்பி, தண்ணீர் மதகிலிருந்து உயரத்தில் விழும்போது அது கடையப்பட்டு நுரையாகிறது. வர்த்தூர் கோடிப் பாலத்தில் அந்த நுரை சாலைக்கு ஏறி வந்து இருசக்கர வாகனக்காரர்களின் முகத்தில் அப்பிய காலம் உண்டு. காற்றில் பறக்காமல் இருக்க வலை கட்டினார்கள். அப்படியும் வலையைத் தாண்டிக் கட்டி கட்டியாகப் பறந்தது. மேலே விழுந்தால் தோல் அரிக்கும், வாடை துணியை விட்டுப் போகாது.

தீ வேறு வகை. கழிவு மக்கும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. ஏரியை மூடிய ஆகாயத்தாமரையும் கோரையும் காய்ந்து கிடக்கின்றன, கரையில் குப்பையை எரிக்கிறார்கள். ஒரு பொறி போதும். 2015 மே மாதத்தில் நுரையே எரிந்தது. 2017 பிப்ரவரியில் மறுபடி. 2018 ஜனவரியில் எரிந்தபோது ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் இறங்கி அணைக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளைச் சீரமைக்க 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் போடுமாறு கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகு தூர்வாரும் பணிகள் நடந்தன.

அதன் பாதிப்பு தமிழ்நாட்டில் தெரிகிறதா?

நன்றாகவே தெரிகிறது. மழைக்காலத்தில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்தால் ஆறு வெள்ளை நுரையாக ஓடும். தரைப்பாலங்களை நுரை மூடிவிட, போக்குவரத்து நிற்கும். அந்தத் தண்ணீர்தான் அங்குள்ள வயல்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் பாய்கிறது. விளையும் தக்காளியிலும் கீரையிலும் ஒரு பகுதி மீண்டும் பெங்களூர்ச் சந்தைக்கே வருகிறது. ஓசூர்ப் பகுதியிலும் வழியோரத்திலும் உள்ள தொழிற்சாலைகளுக்கும் இதில் பங்கு உண்டு, எல்லாப் பழியையும் நகரத்து வீடுகள் மீது போட முடியாது. ஆனால் நமக்குரிய பங்கை நாம் மறுக்கவும் முடியாது.

கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலாருக்கு அனுப்புகிறார்களாமே?

ஆம். கோரமங்களா, செல்லகட்டா பள்ளத்தாக்குகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்ட ஏரிகளுக்கு இறைக்கும் திட்டம் 2018இல் தொடங்கியது. வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின, கிணறுகளில் நீர் ஏறியது. நுண்ணுயிரிகளைக் கொண்டு கழிவைச் சிதைக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்திக்கொள்வது போதாது என்று எதிர்ப்பும் எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து. நிலத்தடியில் இறங்கப் போகும் தண்ணீருக்கு, அதன் பிறகும் எஞ்சும் மாசுகளை நீக்கும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும்.

தமிழ் இலக்கியத்தில் இந்த ஆற்றுக்கு என்ன இடம்?

காவிரிக்கும் வைகைக்கும் கிடைத்த புகழ் கிடைக்கவில்லை. ஆனால் பெண்ணைக்கரையில் நடந்தவை வேறெந்தக் கரைக்கும் குறைந்தவை அல்ல.

சங்க காலத்தில் திருக்கோவிலூர்ப் பகுதி மலையமான் என்னும் குறுநில மன்னர்களுடையது. "பெண்ணையம் பேர்யாறு" என்று அகநானூறு இதைச் சொல்கிறது. அவர்களுள் ஒருவனான காரியின் கோவலூர்த் (திருக்கோவிலூர்த்) துறையில் ஓடும் இந்த ஆற்றின் நுண்ணிய கருமணல் வரிகளைப் போல இருந்ததாம் ஒரு பெண்ணின் கூந்தல். தன் காதலனோடு போய்விட்ட மகளை நினைத்துத் தாய் சொல்லும் பாட்டு அது. நீர் வடிந்த பிறகு ஆற்று மணலில் அலை அலையாக வரிகள் படிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை எவ்வளவு துல்லியமானது என்று புரியும். மணலே இல்லாமல் சுரண்டப்பட்ட இடங்களில் இன்று நின்று பார்த்தால் புரியாது. அதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

பறம்பு மலையின் பாரி மூவேந்தரால் கொல்லப்பட்ட பின், அவன் மகளிரை அழைத்துக்கொண்டு நண்பர் கபிலர் அலைந்து திரிந்த கதை நமக்குத் தெரியும். அந்த அலைச்சல் இந்தக் கரையில்தான் முடிந்தது. கபிலர் வடக்கிருந்து (வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாநோன்பிருந்து) உயிர்நீத்தார் என்று புறநானூற்று மரபு சொல்கிறது. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராசராசன் காலக் கல்வெட்டோ அவர் தீப்புகுந்ததாகச் சொல்லி, "கனல்புகும் கபிலக்கல்" என்று அந்த இடத்துக்குப் பெயரும் தருகிறது. ஆற்றின் நடுவே ஒரு பாறையும் அதன்மேல் சிறு கோயிலும் இருக்கின்றன, கபிலர் குன்று என்பார்கள். ஒரு புலவன் தன் நண்பனுக்காக இறந்த இடத்தை, ஆயிரம் ஆண்டு கழித்தும் ஒரு பேரரசின் கல்வெட்டு மறக்காமல் பதிந்திருக்கிறது.

வைணவர்களுக்கும் திருக்கோவிலூர் முதன்மையானது. மழை இரவில் ஒரு சிறிய இடைகழியில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் நெருக்கி நின்றபோது நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினார். அவரை இன்னாரென்று காணத்தான் முதல் அந்தாதிகள் பாடப்பட்டன என்பது மரபு. உலகளந்த பெருமாள் கோயிலில் ஓங்கி உலகளந்த அந்தக் கோலத்தைப் பார்க்கலாம்.

சற்றுக் கிழக்கே திருவெண்ணெய்நல்லூர். மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை, "நீ எனக்கு அடிமை" என்று ஓலை காட்டி ஒரு முதியவர் வழக்குக்கு இழுத்த ஊர். வழக்கில் தோற்று, முதியவர் யாரென்று அறிந்த பிறகு சுந்தரர் பாடிய முதல் பதிகத்திலேயே ஆறு வந்துவிடுகிறது: "பெண்ணைத் தென்பால் வெண்ணெய்நல்லூர்". அல்சூர் சோமேசுவரர் கோயிலில் ஓதுவார் குரலில் "பித்தா பிறைசூடி" கேட்டு நீங்கள் நின்றிருந்தால், உங்கள் தெருவிலிருந்து ஓடும் தண்ணீர் போய்ச் சேரும் ஆற்றின் பெயரையும் அதில் கேட்டிருக்கிறீர்கள். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊரும் இதுவே.

பெங்களூர்ப் பக்கம் பழைய தமிழ்த் தடயம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் அந்த ஊர் தேசிமாணிக்கப்பட்டணம் என்று குறிக்கப்படுகிறது. மேம்பாலத்தின் கீழ் நெரிசலில் நிற்கும்போது, மிக அருகில் இந்தக் கோயில் இருப்பதே தெரியாது. கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் காலங்காலமாகக் கலந்து ஏரிகளை வெட்டிப் பயிர் செய்த நிலம் இது. அந்த ஏரிச் சங்கிலிதான் இன்று சாக்கடைச் சங்கிலியாகிவிட்டது.

ஆற்றுத் திருவிழா என்றால் என்ன?

தை மாதம் ஐந்தாம் நாள், பொங்கல் சந்தடி அடங்கும்போது, பெண்ணைக்கரை ஊர்களில் சாமிகள் ஆற்றுக்கு வருவார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஊர் ஊராக உற்சவர்களை அலங்கரித்து மணலில் வரிசையாக நிறுத்தித் தீர்த்தவாரி நடத்துவார்கள். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே மணலூர்பேட்டைக்கு எழுந்தருள்வார். ராட்டினம், வளையல் கடை, கரும்பு, பாத்திரக்கடை என்று ஆற்று மணலே ஒரு நாளைக்கு ஊராகிவிடும். இந்தத் திருவிழாவுக்கென்றே வரும் பண்டம் சுருளிக்கிழங்கு. மண் ஒட்டிய கரடான தோலோடு குவித்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வாங்கிவந்து உப்புப் போட்டு வேகவைத்துத் தோலை உரித்தால் உள்ளே மாவாக இருக்கும். விழுப்புரத்துக்காரர் யாரிடமாவது ஆற்றுத் திருவிழா என்று சொல்லிப் பாருங்கள், சாமிக்கு முன்னால் கிழங்கைத்தான் நினைப்பார்.

மேற்பகுதியில் ஆடிப்பெருக்கு பெரிது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் ஆடி 18 அன்று அனுமன்தீர்த்தம், இருமத்தூர் ஆகிய இடங்களில் பெண்ணையில் நீராடுவார்கள்.

வறண்ட ஆறு என்கிறார்கள், வெள்ளம் எப்படி வருகிறது?

இது மழையை மட்டுமே நம்பிய ஆறு. ஆண்டின் பெரும்பகுதியில் மணலாகக் கிடக்கும், வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் கரைபுரளும். 1950களின் இறுதியில், காமராஜர் ஆட்சியில், கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் பயன்பாட்டுக்கு வந்தன. சாத்தனூரின் முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்நாட்டில் நகராமல் நின்று பெய்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட நேர்ந்தது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் மூழ்கின. அந்த நாள்களில் பெங்களூரில் இருந்துகொண்டு ஊருக்குப் போன் போட்டுப் போட்டுக் காத்திருந்தவர்கள் நம்மில் ஏராளம்.

காவிரிபோல் இதற்கும் வழக்கு இருக்கிறதா?

இருக்கிறது. கோலார், மாலூர், பங்காரப்பேட்டை ஊர்களின் குடிநீருக்காக மார்க்கண்டேய நதியில் யார்கோல் என்ற இடத்தில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1892ஆம் ஆண்டு மைசூர்–சென்னை ஒப்பந்தப்படி இசைவு பெற்றிருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் வாதம். 2019 நவம்பரில் நீதிமன்றம் தடை கொடுக்க மறுத்து, நடுவர் மன்றம் கோரி மத்திய அரசை அணுகச் சொன்னது. அளவைப் பற்றி இரு மாநிலங்களும் வாதாடும் அளவுக்குத் தண்ணீரின் தரத்தைப் பற்றி வாதாடுவதில்லை என்பது என் பெரிய வருத்தம்.

நம் வீட்டிலிருந்து என்ன செய்ய முடியும்?

அடுக்குமாடியில் இருந்தால் முதலில் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா என்று பாருங்கள். பல வளாகங்களில் அது இருக்கிறது, மின்கட்டணத்துக்குப் பயந்து ஓட்டுவதில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மாதாந்திர பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தாலே மோட்டார் ஓடும். தனி வீடானால், கழிவுநீர்க் குழாய் பாதாள சாக்கடையோடு இணைந்திருக்கிறதா, மழைநீர்க் கால்வாயான ராஜகாலுவேயில் திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று பிளம்பரை வைத்துப் பார்த்துவிடுங்கள். பழைய வீடுகளில் இரண்டாவது நிலைமை சாதாரணம். சோப்புத் தூளைப் பாதியாகக் குறைத்தாலும் துணி வெளுக்கும். விநாயகர் சதுர்த்திக்கு வண்ணம் பூசாத களிமண் பிள்ளையாரே வாங்குங்கள். ஏரிக் கரைகளில் கன்னட நண்பர்கள் நடத்தும் தூய்மைப் பணிகளுக்கு நாமும் போக வேண்டும். அவர்களில் பலர் நமக்கு முன்பே இந்த ஆற்றுக்காக அலைந்துகொண்டிருப்பவர்கள்.

குழந்தைகளுக்கு இந்த ஆற்றைக் காட்ட எங்கே அழைத்துப் போகலாம்?

ஒரு காலைப் பொழுது இருந்தால் போகநந்தீசுவரர் கோயில். அரை நாள் இருந்தால் ஓசூர் வரை போய்க் கெலவரப்பள்ளி அணை. நுரை இருந்தால் அதையும் காட்டுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். இரண்டு நாள் கிடைத்தால் திருவண்ணாமலைக்குப் போய்ச் சாத்தனூர் அணையும் அங்குள்ள முதலைப் பண்ணையும் பார்த்துவிட்டு, மறுநாள் திருக்கோவிலூர். பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்கு பஸ்கள் அடிக்கடி உண்டு, அங்கிருந்து திருக்கோவிலூருக்கு உள்ளூர் பஸ். கபிலர் குன்றுக்கு ஆற்றில் இறங்கித்தான் போக வேண்டியிருக்கும் என்பதால், அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று கரையில் உள்ளவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். தை ஐந்தாம் நாள் போவதானால் பொங்கல் விடுமுறையோடு சேர்த்து முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் கிடைக்காது.